தாய்வீட்டுப் பிரசவமும் குடிவரவுச் சட்டமும்

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது தமிழ்க் குடும்பங்களில் எழுதப்படாத சட்டம். ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ வளைகாப்பு முடித்துப் பெண்ணை அழைத்துவருவார்கள். பிள்ளை பிறந்து சில மாதங்கள் கழித்துத் தாயையும் சேயையும் புகுந்தவீட்டில் கொண்டுபோய் விடுவார்கள். இவ்வழக்கத்துக்குள் நுட்பமான ஓர் அனுமானம் இருக்கிறது. தாய் எங்கே பிள்ளை பெற்றாலும் குழந்தையின் வீடு மாறுவதில்லை. போனவள் திரும்புகிறாள், அதுவரை அந்த வீட்டைக் கண்ணால் கண்டிராத குழந்தையும் அவளோடு 'திரும்புகிறது'.

புகுந்தவீடு டொரொண்டோவிலோ சிட்னியிலோ நியூ ஜெர்சியிலோ அமைந்துவிட்ட காலம் இது. என்னிடம் படித்த மாணவியர் சிலர் அந்நாடுகளில் நிரந்தரக் குடியிருப்பு உரிமையோடு வாழ்கிறார்கள். கருவுற்றதும் அவர்கள் விசாரிக்கும் முதல் விஷயங்களில் ஒன்று, ஊருக்கு வந்து பெற்றால் குழந்தையை உடனே திரும்ப அழைத்துப்போக முடியுமா என்பது. இதற்கு நாட்டுக்கு நாடு விடை வேறுபடுகிறது. அந்த வேறுபாடு யோசிக்கத்தக்கது.

ஆஸ்திரேலியாவில், பெற்றோரில் ஒருவர் நிரந்தரக் குடியிருப்பாளராக இருந்தாலே அங்கு பிறக்கும் குழந்தை பிறந்த கணத்தில் குடியுரிமை பெற்றுவிடுகிறது. கனடாவிலும் நிரந்தரக் குடியிருப்பாளரின் குழந்தை அங்கே பிறந்தால் அந்நாட்டின் குடிமகன். அதே தாய் மதுரைக்கு வந்து பெற்றால், குழந்தை குடிமகனும் அன்று, நிரந்தரக் குடியிருப்பாளனும் அன்று; வெறும் விண்ணப்பதாரர். ஆஸ்திரேலியாவில் நிரந்தரமாக வாழ 101ஆம் துணைப்பிரிவைச் சேர்ந்த குழந்தை விசாவுக்கு மனுச்செய்ய வேண்டும். கனடாவுக்கென்றால், குடும்ப வகுப்பில் பெற்றோர் ஸ்பான்சர் செய்து, மருத்துவப் பரிசோதனை முடித்து, மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கனடாவில் இன்னொரு முடிச்சும் உண்டு. குடிமக்கள் வெளிநாட்டில் இருந்தபடியே குழந்தையை ஸ்பான்சர் செய்யலாம். நிரந்தரக் குடியிருப்பாளரோ கனடாவில் வசித்துக்கொண்டுதான் செய்ய வேண்டும். கணவன் அங்கிருந்து மனுச்செய்ய, மனைவி இங்கே கைக்குழந்தையோடு காத்திருக்கலாம். துணையில்லாத தாய் என்ன செய்வாள்? பிள்ளையை விட்டுப் போய்த்தான் பிள்ளைக்காக மனுப்போட முடியும் என்னும் நிலைக்கு அவள் தள்ளப்படக்கூடும்.

பல விஷயங்களில் கடுமையானதென்று நாம் குறைசொல்லும் அமெரிக்கக் குடிவரவுச் சட்டம், இந்த ஒன்றில் தாய்வீட்டு வழக்கத்தை அறிந்ததுபோல் நடந்துகொள்கிறது. பச்சை அட்டை வைத்திருக்கும் தாய் தற்காலிகமாக வெளிநாடு சென்றிருக்கையில் பெற்ற குழந்தைக்கு விசா தேவையில்லை. குழந்தைக்கு இரண்டு வயது நிறைவதற்குள் அழைத்துவர வேண்டும். அழைத்துவரும் தாயோ தந்தையோ நிரந்தரக் குடியிருப்பாளராக இருக்க வேண்டும். குழந்தை பிறந்தபின் அவர் நாடு திரும்பும் முதல் பயணமாகவும் அது இருக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழ், குழந்தையின் பாஸ்போர்ட், பெற்றோரின் பச்சை அட்டை ஆகியவற்றை விமான நிலையத்தில் காட்டினால், குழந்தை நிரந்தரக் குடியிருப்பாளராகவே உள்ளே நுழைகிறது.

இதிலும் பொறி இல்லாமல் இல்லை. விடுப்பு முடிந்ததென்று குழந்தையைப் பாட்டியிடம் விட்டுத் தாய் ஒருமுறை போய்வந்துவிட்டால், அவளைப் பொறுத்தவரை அந்த 'முதல் திரும்புதல்' தீர்ந்துபோகிறது. அதன்பின் குடும்ப மனுவின் வரிசைதான். அது ஆண்டுக்கணக்கில் நீளக்கூடியது. தற்காலிக வேலை விசாவில் இருப்போருக்கு இச்சலுகையே கிடையாது. அவர்கள் குழந்தைக்குத் தனி விசா எடுத்தாக வேண்டும். ஆயினும் அவ்விதியின் அடிப்படைப் பார்வை சரியானது. அது குழந்தையைப் புதிதாக வந்து கதவைத் தட்டும் அந்நியராகக் கருதவில்லை. தாயின் திரும்புதலில் ஒரு பகுதியாகக் கருதுகிறது.

'அங்கேயே பெற்றுக்கொண்டால் என்ன?' என்று கேட்போர் உண்டு. பத்தியச் சோறு, பிரசவ லேகியம், காலில் கிடத்தி நீராட்டும் கை என்பவையெல்லாம் பழம்பழக்கங்கள் என்று அவர்கள் தள்ளிவிடலாம். ஆனால் பிள்ளை பெற்ற உடலுக்கும் மனத்துக்கும் தன் தாய் அருகிருக்க வேண்டும் என்பது பழக்கம் மட்டுமன்று, தேவை. தாயை அங்கே வரவழைக்கலாமென்றால், அவளுக்கும் விசா வேண்டும். அது கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை.

ஆள்மாறாட்டம் நடக்கும், பிறர் குழந்தையைத் தன் குழந்தையென்று கொண்டுவருவார்கள் என்னும் அச்சம் நியாயமானது. அதைப் பிறப்புச் சான்றிதழால் தீர்க்கலாம். ஐயம் மிஞ்சினால் மரபணுச் சோதனை இருக்கிறது. ஐயத்துக்கிடமான சிலருக்காக எல்லாத் தாய்மாரையும் மாதக்கணக்கில் நிறுத்திவைப்பது எச்சரிக்கை ஆகாது.

சட்டம் வழக்கத்துக்குச் செவிசாய்ப்பது புதிதன்று. நம் நாட்டின் 1969ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி, குழந்தையின் பிறப்பைப் பெயரில்லாமலே பதியலாம். பன்னிரண்டு மாதங்களுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். நாள் பார்த்து, பெரியவர்களைக் கேட்டுப் பெயர்வைக்கும் மக்களின் சட்டம் அப்படித்தான் இருக்க முடியும். புலம்பெயர்ந்தோரின் உழைப்பையும் வரியையும் ஏற்றுக்கொள்ளும் நாடுகளிடம் இத்தகைய பொறுமையை எதிர்பார்ப்பது மிகையாகாது.

நான் வேண்டுவது இலவசக் குடியுரிமையை அன்று. ஒரு பெண்ணை 'நீ இங்கே நிரந்தரமாக வாழலாம்' என்று ஏற்ற நாடு, குறுகிய பயணத்தில் அவள் பெற்ற சிசுவுக்கும் அதே உரிமையை அவள் வழியாகவே தர வேண்டும். பெற்றோர் தெரிவிக்கட்டும், அரசு பதிந்துகொள்ளட்டும். மனு, ஸ்பான்சர், காத்திருப்பு என்பவை தாமாக முடிவெடுத்துக் குடிபெயர்வோருக்கு உரியவை.

நம் தாலாட்டுகள் மாமன் கொண்டுவந்த சீரைப் பாடி, குழந்தைக்கு அதன் உறவுகளைச் சொல்லித் தருகின்றன. இது யார் வீட்டுப் பிள்ளை என்பதில் தாலாட்டுக்கு ஐயமே வந்ததில்லை. குடிவரவுச் சட்டங்களுக்கும் வரத் தேவையில்லை.