அப்பாவுக்கு முதல் பரிசு

சென்ற ஆண்டு எனக்கு ஆறாம் வகுப்பில் முதல் பரிசு கிடைத்தது. மேடையில் கூப்பிட்டது என் மகளின் பெயரைத்தான். சான்றிதழிலும் அவள் பெயர்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பரிசு யாருக்குச் சேர்ந்தது என்பது எனக்குத் தெரியும். என் மனைவிக்குத் தெரியும். எங்கள் இருவரையும்விட நன்றாக என் மகளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பதுதான் என்னை இதை எழுத வைக்கிறது.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மழைநீர் சேகரிப்பு பற்றி ஒரு மாதிரி செய்து வரவேண்டும் என்று பள்ளிக்கூடத்திலிருந்து கைப்பேசிக்குச் செய்தி வந்தது. சனிக்கிழமை காலையில் மகள் ஒரு செருப்புப் பெட்டியை வைத்துக்கொண்டு வீடு கட்ட ஆரம்பித்தாள். கூரை ஒரு பக்கம் சாய்ந்தது. குழாய்க்காகச் செருகிய ஸ்ட்ரா நிற்க மாட்டேன் என்றது. ஞாயிற்றுக்கிழமை மாலை அதைப் பார்த்தேன். "இதையா கொண்டுபோகப் போகிறாய்?" என்றேன். அதோடு நின்றேனா? சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்த் தெர்மகோல், வண்ண அட்டை, பசை எல்லாம் வாங்கி வந்து உட்கார்ந்தேன். இரவு ஒரு மணிக்கு வீடு எழும்பிவிட்டது. வடிகட்டும் தொட்டியில் அடியில் கூழாங்கல், நடுவில் சல்லி, மேலே மணல் என்று மூன்று அடுக்குகள். வாசலில் ஒரு தென்னைமரம்கூட வைத்தேன்!

ஒன்பது மணி சுமாருக்கு அவள் ஒரு கேள்வி கேட்டாள்.

"அப்பா, நம்ம மொட்டைமாடித் தண்ணி எங்கேப்பா போகுது?"

"அப்புறம் சொல்றேன் கண்ணு. பசை காயுது, கையை எடு."

அந்தப் பதிலுக்காக இன்று வெட்கப்படுகிறேன். தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று 2003-ஆம் ஆண்டு வந்தபோது எங்கள் வீட்டிலும் குழாய் வைத்தோம். சமையலறையிலிருந்து பத்தடி நடந்தால் அதைப் பார்க்கலாம். ஆயிரம் சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 930 லிட்டர் தண்ணீர் சேரும். நீளம், அகலம், உயரம் என்று பெருக்கத் தெரிந்த குழந்தை போடக்கூடிய கணக்கு இது. 2019-ஆம் ஆண்டு சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜூலை மாதத்தில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததே, அந்தக் கோடையில் குடத்தை வைத்துக்கொண்டு லாரிக்காகத் தெருவில் நின்றவர் என் தாயார். அவரைக் கேட்டிருந்தால் ஒரு மணிநேரம் சொல்லியிருப்பார். குழாய் இருந்தது, கணக்கு இருந்தது, பாட்டி இருந்தாள். இவ்வளவையும் விட்டுவிட்டு நான் அவளுக்குத் தெர்மகோலைக் காட்டினேன். அதையும் தொட விடவில்லை.

கண்காட்சி நாளன்று விருந்தினராக வந்த பெரியவர், "மணல் எதுக்கும்மா?" என்று அவளைக் கேட்டார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அப்பாவுக்குத் தெரியும்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அதே கூடத்தில், கதவோரமாக, ஒரு பையன் நின்றிருந்தான். மூன்று கொட்டாங்கச்சிகளில் ஓட்டை போட்டு, துணி, மணல், கரி என்று அடைத்து, ஒன்றன் கீழ் ஒன்றாகக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தான். பார்க்க லட்சணமாக இல்லை. ஆனால் கலங்கல் தண்ணீரை மேலே ஊற்றினால் கீழே பாதி தெளிந்து வந்தது. "ஏன் தம்பி, முழுக்கத் தெளியலியே?" என்றேன். "மணல் கம்மி சார். இன்னும் ஒரு சிரட்டை வேணும்" என்றான். அந்தக் கூடத்தில் நான் கேட்ட ஒரே விஞ்ஞானம் அதுதான். அவனுக்குப் பரிசு இல்லை. அவனுக்குச் சேர வேண்டியதை ஒரு நாவலாசிரியர் தட்டிக்கொண்டு போய்விட்டார்.

இது என் ஒருவன் குற்றம் என்றால் வீட்டோடு வைத்துக்கொண்டிருப்பேன். அந்த மேசைகளில் புகை கக்கிய எரிமலைகளும், சந்திரனில் இறங்கிய விண்கலங்களும், சுழன்ற கிரகங்களும் பதினொரு வயதுக் கைகள் செய்தவையா? ஐயா, அம்மணி, நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். கைக்கு நேரமில்லாதவர்கள் காசைக் கொடுத்தார்கள். தலைப்பையும் வகுப்பையும் சொன்னால் செய்து தரும் கடைகள் இருக்கின்றன. குழந்தையின் பெயரை எழுதிக்கொள்ள மூலையில் இடம்கூட விட்டுக் கொடுக்கிறார்கள்.

பெயர் என்றதும் என் தொழில் ஞாபகம் வருகிறது. நான் எழுதிய கதையை இன்னொருவர் தம் பெயரில் போட்டுக்கொண்டால் அதற்குத் திருட்டு என்று பெயர். ஊர் கூடி அவரைத் தூற்றும்; நானும் வக்கீலைத் தேடிப் போவேன். அதே காரியத்தை என் வீட்டுக் கூடத்தில், என் கையாலேயே, என் மகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். பிறர் செய்ததன் மேல் உன் பெயரை எழுது, மேடை ஏறு, கைதட்டலை வாங்கிக்கொள் என்றேன். நாளைக்கு அவள் தேர்வில் பக்கத்துப் பெண்ணைப் பார்த்து எழுதினால் எந்த முகத்தோடு கண்டிப்பேன்?

இந்தப் பிராஜெக்ட் என்பது குழந்தைகளை வதைக்க வந்த புதுமோஸ்தர் அல்ல. 1918-ஆம் ஆண்டிலேயே வில்லியம் கில்பாட்ரிக் என்ற அமெரிக்கக் கல்வியாளர் இம்முறை பற்றி எழுதினார். மாணவன் தானே ஒரு நோக்கம் கொண்டு, மனம் ஒன்றிச் செய்ய வேண்டும் என்பதே அவர் வாதத்தின் உயிர். 1937-இல் காந்தியடிகள் வார்தாவில் கைத்தொழிலைக் கல்வியின் நடுவே வைத்தார். ராட்டை நூற்க வேண்டியது பையனே ஒழிய அவன் தகப்பனார் அல்ல. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும், செய்தும் தேடியும் கண்டுபிடித்தும் கற்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. தமிழ்நாட்டில் 2012-13-இல் முப்பருவ முறையோடு வளரறி மதிப்பீடு வந்தபோது, இத்தகைய செயல்களும் அடங்கிய அந்தப் பகுதிக்கு நூற்றுக்கு 40 மதிப்பெண் வைத்தார்கள். மனப்பாடத்திலிருந்து குழந்தையை மீட்க வந்த நல்ல ஏற்பாடு. மதிப்பெண் என்ற சொல் காதில் விழுந்ததும் பெற்றோராகிய நாம் கத்தரிக்கோலைப் பிடுங்கிக்கொண்டோம்.

"மற்றக் குழந்தைகள் அழகாகக் கொண்டுவரும்போது என் குழந்தை கோணலாகக் கொண்டுபோனால் மனம் வாடாதா?" என்று கேட்பீர்கள். வாடும். ஆனால் "நீ செய்தது வெளியே காட்ட லாயக்கில்லை" என்று பெற்ற தகப்பனே சொல்லாமல் சொன்னால் வாடாதா? தெர்மகோல் மேல் ஸ்ப்ரே பெயின்ட் அடித்தால் உருகிவிடும் என்று எனக்குத் தெரியும். எப்படித் தெரியும்? ஒருமுறை அடித்துக் கெடுத்ததால் தெரியும். நான் கெடுத்துக் கற்றேன். அவளுக்குக் கெடுக்கிற உரிமைகூட இல்லையா?

பள்ளிக்கூடங்களையும் விடுவதற்கில்லை. எந்த மாதிரி எந்தக் கையால் ஆனது என்று ஆசிரியைக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். இருந்தும் பளபளப்புக்குத்தானே பரிசு? வகுப்பு நேரத்தில், பள்ளியே தரும் பொருள்களை வைத்து, கண்ணெதிரில் செய்யச் சொன்னால் என்ன? அது முடியாவிட்டால் ஒவ்வொரு குழந்தையையும் "இதை ஏன் இப்படிச் செய்தாய்?" என்று ஒரு கேள்வி கேட்கட்டும். பதிலுக்கு மார்க் போடட்டும். மறு ஆண்டே அப்பாக்கள் அத்தனை பேரும் நேரத்தோடு தூங்கப் போய்விடுவார்கள்.

உதவியே கூடாது என்று நான் சொல்லவில்லை. கூரான கத்தி பிடிக்கும் இடத்திலும் அடுப்பு எரியும் இடத்திலும் பெரியவர் கை இருக்கட்டும். பக்கத்தில் உட்காருங்கள். கேட்டதை எடுத்துக் கொடுங்கள். கேள்வி கேட்டால், பசை காய்ந்து போனாலும் பரவாயில்லை, எழுந்து கூட்டிக்கொண்டுபோய்க் காட்டுங்கள்.

நான் கூட்டிக்கொண்டு போனது தாமதமாகத்தான். கண்காட்சி முடிந்து வந்த முதல் பெருமழையில் குடையைப் பிடித்துக்கொண்டு இருவரும் கொல்லைப்புறம் போனோம். குழாயைத் தொடர்ந்து நடந்தவள், "அப்பா, இது தெருச் சாக்கடைக்குப் போகுதுப்பா" என்றாள். தொட்டிக்குப் போகும் இணைப்பு எப்போதோ விட்டுப்போயிருக்கிறது. வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. மறுநாளே ஆள் வந்து சரிசெய்தான். அன்று இரவு அவள் நோட்டில் ஒரு படம் போட்டாள். வீடு கோணல், குழாய் அதைவிடக் கோணல். தண்ணீர் மட்டும் சரியான இடத்துக்குப் போகிறது. நான் பென்சிலைத் தொடவில்லை.