பொங்கல் முடிஞ்சா பறைக்கு வேலை இல்லையா?

2007-ல் சென்னை சங்கமம் தொடங்கியது. பூங்காவில் கரகாட்டம், கடற்கரையில் பறையாட்டம். ஆபீஸ் விட்டு வந்தவர்கள் சாப்பாட்டுப் பையோடு நின்று பார்த்தார்கள். டிக்கெட் கிடையாது!

2011-ல் ஆட்சி மாறியது. விழாவும் நின்றது. 2023 ஜனவரியில்தான் மறுபடி மேளம் கொட்டியது. நடுவே 11 பொங்கல் போச்சு. கரகம் கட்சி பார்த்தா ஆடுகிறது?

ஊர்த் திருவிழாக்களில் பாட்டுக் கச்சேரியும் ஸ்பீக்கர் செட்டும் இவர்கள் இடத்தைப் பிடித்துக் கொண்டன. நாலைந்து மாத சீசன் கூலியில்தான் பொய்க்கால் குதிரைக்காரர் வருஷம் முழுக்க அடுப்பு எரிக்க வேண்டும். இதில் நாலு நாள் சென்னை விழா எத்தனை நாள் தாங்கும்?

மாநகராட்சிப் பூங்காக்கள் 12 மாதமும் திறந்துதானே இருக்கின்றன? மாதம் ஒரு ஞாயிறு, சாயங்காலம் இரண்டு மணி நேரம் ஒதுக்கட்டும். கூலியை அன்னைக்கே கையில் கொடுக்கட்டும். சால்வையை அப்புறம் போர்த்தலாம்.