பாக்ஸ் பின்னால் ஓம் எத்தனை என்று எழுதி வையுங்கள்

கல்யாண ரிசப்ஷனாக இருக்கட்டும், மாதா கோவில் திருவிழாவாக இருக்கட்டும், பாட்டுக் கச்சேரி என்றால் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான். ‘ஆம்ப்ளிஃபயர் எத்தனை வாட்?’ 500 வாட் என்று சொன்னால் மரியாதையாகப் பார்க்கிறார்கள். ‘அதோடு மாட்டப்போகிற பாக்ஸ் எத்தனை ஓம்?’ என்று நான் திருப்பிக் கேட்டால் முழிக்கிறார்கள். ஓம் என்றால் கோவிலில் சொல்வது என்று நினைத்துக்கொண்டு சிரித்தவர்களும் உண்டு. சிரிக்கிற விஷயம் இல்லை இது. பேஸ் கிட்டார் வாசிக்கிற பிள்ளைகளின் பணம் இந்த ஒரு எண்ணில்தான் எரிந்துபோகிறது.

நான் மின்சாரம் படித்தவன் இல்லை. பகலில் ஆபீசில் கோப்பு பார்த்தவன். சாயந்திரங்களில் ஒரு மெல்லிசைக் குழுவுக்கு இருபது வருஷத்துக்கு மேல் கணக்கு எழுதினேன். எரிந்துபோன சாமான்களுக்கு வவுச்சர் போட்ட கை இது. பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சில் ‘லுவா தோம்’ என்று மனப்பாடம் செய்தது, தமிழில் ‘ஓம் விதி’ என்று தெரிவதற்கு முன்பே மண்டையில் ஏறிவிட்டது. ஜெர்மனியைச் சேர்ந்த ஓம் என்ற வாத்தியார் 1827-ல் புத்தகமாகவே எழுதி வைத்த கணக்கு அது. இத்தனை வருஷம் கழித்தும் நம் மேடைக்கு அது வந்து சேரவில்லை.

விஷயம் சுலபம். ஓம் என்பது தடை. மாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு குழாய் திறந்தால் ஒரு அளவு தண்ணீர் போகும். பக்கத்தில் இன்னொன்றும் திறந்தால் தொட்டியிலிருந்து இறங்குகிற தண்ணீர் இரண்டு பங்கு. ஆம்ப்ளிஃபயரின் பின்னால் இரண்டு ஓட்டை இருக்கிறதே, அவை பெரும்பாலும் இப்படிப் பக்கத்துப் பக்கத்துக் குழாய்கள்தான். பாக்ஸிலிருந்து இன்னொரு பாக்ஸுக்கு வயர் இழுத்தாலும் அதே கதைதான். பாக்ஸ் கூடக் கூடத் தடையும் கூடும் என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். உண்மையில் குறைகிறது.

8 ஓம் பாக்ஸ் ஒன்று மாட்டினால் 8. இரண்டு மாட்டினால் 4. மூன்றாவதையும் மாட்டினால் ஏறக்குறைய 2.7. ஆம்ப்ளிஃபயரின் முதுகில் ‘குறைந்தபட்சம் 4 ஓம்’ என்று அச்சடித்திருந்தால், மூன்றாவது பாக்ஸ் மாட்டும்போது கம்பெனிக்காரன் சொன்ன எல்லையைத் தாண்டிவிட்டோம் என்று அர்த்தம். அதே சத்தத்துக்கு ஒன்றரை மடங்கு கரண்ட் இழுக்கும். டிரான்சிஸ்டர் கொதிக்கும். நல்ல ஆம்ப்ளிஃபயராக இருந்தால் தானே அணைந்துவிடும். மற்றது புகைவிடும். எல்லைக்கு மேலே போனால் இந்த ஆபத்து இல்லை. 4 ஓம் தாங்குகிற ஆம்ப்ளிஃபயரில் 8 ஓம் பாக்ஸ் ஒன்றை மட்டும் மாட்டினால் பலம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

எல்லா வாத்தியத்துக்கும் இது பொருந்தும் என்றாலும் பேஸுக்குத்தான் அடி அதிகம். அதன் தடித்த கம்பி வினாடிக்கு 41 முறைதான் அதிர்கிறது. அவ்வளவு தாழ்ந்த நாதம் காதில் விழ நிறைய பலம் வேண்டும். இளையராஜா பாட்டு என்றால் கேட்கவே வேண்டாம். பேஸ் கிட்டார் ஒரு நிமிஷம்கூடச் சும்மா இருக்காது. மூன்று மணி நேரம் அந்த ஆம்ப்ளிஃபயருக்கு மூச்சுவிட நேரமில்லை.

ஒரு கச்சேரியில் நடந்ததைச் சொல்கிறேன். ஊர் பேர் வேண்டாம். பேஸ் வாசித்த பையன் தவணையில் வாங்கிய ஆம்ப்ளிஃபயர். பாக்ஸ் மட்டும் வாடகை. கூட்டம் ஜாஸ்தி என்று சவுண்ட் சர்வீஸ்காரர் மூன்றாவது பாக்ஸையும் இழுத்து மாட்டினார். ‘அண்ணே, இதுல 4 ஓம்னு போட்டிருக்கு’ என்றான் பையன். ‘தம்பி, நீ பொறக்கறதுக்கு முன்னாடியிருந்து நான் மாட்டிக்கிட்டு இருக்கேன்’ என்றார் அவர். அந்தப் பாக்ஸ்களின் பின்னால் ஒரு எண்ணும் இல்லை. பெயின்ட் அடித்து மூடியிருந்தார்கள். ஏழாவது பாட்டில் கருகல் வாசனை. மீதிக் கச்சேரி பேஸ் இல்லாமல் நடந்தது.

செலவு யாருடையது? ‘அவன் ஐட்டம், அவன் பொறுப்பு’ என்று குழுவில் முடிவு செய்தார்கள். குழுச் செலவில் எழுத வேண்டும் என்று நான் ஒருவன் வாதாடினேன், எடுபடவில்லை. சரியாகச் சொன்னவன் பணம் கட்டினான். தப்பாக மாட்டியவர் வாடகையை முழுசாக வாங்கிக்கொண்டு போனார். எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

‘முப்பது வருஷமா இப்படித்தான், ஒண்ணும் ஆகலை’ என்பது இவர்களுடைய பெரிய சாட்சி. சின்ன ஹாலில், பாதிச் சத்தத்தில் ஒன்றும் ஆகாதுதான். சித்திரை வெயிலில், தகரப் பந்தலில், முழுச் சத்தத்தில்தான் ஆகும். ஆகாத நாட்களை எண்ணிக்கொண்டிருப்பவர்கள் ஆன நாளுக்குப் பணம் தருவதில்லை.

இன்னொரு தப்புப் பாடமும் நடக்கிறது. சின்ன ஆம்ப்ளிஃபயர் ஸ்பீக்கரை ஒன்றும் செய்யாதாம். சத்தம் பிளந்து கரகரக்கும்வரை திருகினால், 100 வாட் என்று எழுதியிருப்பது அதற்கு மேலும், மோசமாகப் போனால் 200 வரையும் தள்ளும். சின்ன ஸ்பீக்கரின் காயில் அந்தச் சூட்டில் கருகிவிடும். பெரிய ஆம்ப்ளிஃபயரை அளவாக வைத்து வாசிப்பவன் ஸ்பீக்கரைக் கெடுக்க மாட்டான். 8 ஓம் பாக்ஸையும் 4 ஓம் பாக்ஸையும் ஜோடி சேர்ப்பது அடுத்த கூத்து. மொத்தம் 2.7-க்கு இறங்குவது ஒரு பக்கம். 4 ஓம் பாக்ஸுக்கு இரண்டு பங்கும் 8 ஓம் பாக்ஸுக்கு ஒரு பங்கும் போவது இன்னொரு பக்கம். 300 வாட் போனால் ஒன்று 200 வாங்கும், மற்றது 100. எது முதலில் போகும் என்று நீங்களே சொல்லுங்கள்.

வால்வு ஆம்ப்ளிஃபயருக்குச் சட்டம் வேறு. 1969-ல் அமெரிக்காவில் ஆம்பெக் கம்பெனி கொண்டுவந்த 300 வாட் எஸ்.வி.டி. இன்றும் பேஸ்காரர்களுக்குக் கோவில் மாதிரி. அந்த வகையில் ஓம் ஸ்விட்சை பாக்ஸுக்குச் சரியாக வைக்க வேண்டும். பாக்ஸே மாட்டாமல் வாசித்தால் உள்ளே இருக்கிற டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். கிட்டார் வயரை பாக்ஸுக்குப் போடுவதையும் நிறுத்துங்கள். முனை ஒரே மாதிரி இருக்கலாம். உள்ளே இருப்பது நூல் மாதிரிக் கம்பி, சூடாகிவிடும். பாக்ஸுக்கு இரட்டைத் தடிக்கம்பி வயர்தான். ஃபியூஸ் போனால் தாமிரக் கம்பியைச் சுற்றுகிற கெட்டிக்காரர்களைப் பற்றி நான் எழுதினால் கெட்ட வார்த்தை வந்துவிடும்.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. ஒவ்வொரு பாக்ஸின் பின்னாலும் ஓம் எத்தனை, வாட் எத்தனை என்று கொட்டை எழுத்தில் எழுதி வையுங்கள். ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள். பாக்ஸை ஆம்ப்ளிஃபயரிலிருந்து கழற்றிவிட்டு வயர் முனையில் வைத்துப் பாருங்கள். 8 ஓம் பாக்ஸ் 6 பக்கம் காட்டும், 4 ஓம் பாக்ஸ் 3-க்கு மேல் காட்டும். மீட்டர் கொஞ்சம் குறைத்துத்தான் காட்டும், பயப்பட வேண்டாம். உள்ளே ஸ்பீக்கர் மாற்றியிருந்தால் பழைய எண்ணை நம்பாமல் மறுபடியும் அளந்து எழுதுங்கள்.

வாடகை பேசும்போதே ரசீதில் ஓம் கணக்கும் இருக்கட்டும். ‘எங்கள் ஆம்ப்ளிஃபயர் 4 ஓமுக்குக் கீழே போகாது, மீறி மாட்டினால் செலவு உங்களுடையது’ என்று ஒரு வரி, கீழே அவர் கையெழுத்து. போடமாட்டேன் என்கிறவரிடம் பாக்ஸ் எடுக்க வேண்டாம். பேரனோ பேத்தியோ பேஸ் வாசிக்கிற வீடுகளில் இந்த ஞாயிற்றுக்கிழமையே மார்க்கர் பேனாவை எடுத்து ஆரம்பியுங்கள்.