பிரிண்டர் சாகவில்லை, ஐயா!

நவம்பர் மாதம். வாழ்நாள் சான்றிதழ் கொடுக்காவிட்டால் பென்ஷன் நின்றுவிடும். படிவத்தை அச்சிடப் போனால் கம்ப்யூட்டர் "ஆஃப்லைன்" என்றது. பிரிண்டரோ பக்கத்து அறையில் பச்சை விளக்கோடு சும்மா உட்கார்ந்திருந்தது. பார்க்க வந்த பையன் இரண்டே நிமிடத்தில் தீர்ப்புச் சொன்னான்: "பழசு சார். புதுசு வாங்கிடுங்க."

நான் விடவில்லை. முந்தின நாள் கரண்ட் போய் வந்திருந்தது. அப்படி வரும்போது ரவுட்டர் சில சமயம் சாதனங்களுக்கு வேறு விலாசம் கொடுத்துவிடும். 192.168.1.5-இல் இருந்த பிரிண்டர் 192.168.1.8-க்குக் குடிபோயிருந்தது. கம்ப்யூட்டர் பழைய வீட்டுக் கதவையே தட்டிக்கொண்டிருந்தது.

பிரிண்டரிலிருந்தே எடுத்த நெட்வொர்க் விவரத் தாளில் புது எண் இருந்தது. ரவுட்டரில் அதைப் பிரிண்டருக்கே நிரந்தரமாக ஒதுக்கினேன். கம்ப்யூட்டரிலும் அதையே கொடுத்தேன். படிவம் வந்துவிட்டது. செலவு, ஒரு தாள்.

வீடு மாறியவனுக்கு மரணச் சான்றிதழ் எழுதுவதற்குப் பெயர் ரிப்பேரா? நமக்குத் தெரியாது என்ற தைரியம்தானே! இனி யாராவது "புதுசு வாங்குங்க" என்றால், "விலாசம் பார்த்தாயா தம்பி?" என்று முதலில் கேளுங்கள்.