வேலியோரப் பாலை குடல் நோய்க்கு ஆகுமா?

கேள்வி: தம்பிக்கு 28 வயது. இரண்டு வருடமாக ரத்தமும் சளியுமாக வயிற்றுப்போக்கு. பெருங்குடல் அழற்சி என்று சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். ஆயுர்வேத முறைப்படி பாலைப்பட்டைக் கஷாயம் குடித்தால் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று ஊரில் சொல்கிறார்கள். வேலியில் நிற்கும் பாலை மரத்தில் பட்டை உரிக்கலாமா?

- மேலூர் வட்டார வாசகர்

பதில்: மாத்திரையை நிறுத்த வேண்டாம். வேலி மரத்தில் பட்டை உரிக்கவும் வேண்டாம்.

எந்தப் பாலை?

ஆயுர்வேதத்தில் 'குடஜம்' என்பது குடசப்பாலை. ரத்தத்தோடு போகும் பேதிக்கு அதன் பட்டையைச் சரக சம்ஹிதை உயர்வாகச் சொல்கிறது. குடஜாரிஷ்டம் அதில்தான் செய்யப்படுகிறது. இது பெரும்பாலும் மலையடிவாரக் காடுகளில் வளரும். மதுரைச் சமவெளியில் வேலியிலும் கரட்டிலும் சாதாரணமாக நிற்பது வெட்பாலை. தோல் நோய்க்குத் தைலம் போடுவார்களே, அந்த மரம். இரண்டிலும் வெள்ளைப் பூ, வெள்ளைப் பால். அதனால் சரக்குக் கடையிலேயே ஒன்றுக்கு மற்றொன்று வந்துவிடுவது உண்டு.

அடையாளம் எளிது. வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் எண்ணெய் ஊதா நிறமாகும். அதன் காய்கள் ஜோடியாக, நுனியில் ஒட்டிக்கொண்டு தொங்கும். குடசப்பாலையின் ஜோடிக் காய்கள் நுனி ஒட்டாமல் பிரிந்து தொங்கும், விதை கடுங்கசப்பு.

பட்டை எதற்கு உதவும்?

குடசப்பாலைப் பட்டையில் கோனெசின் என்ற பொருள் இருக்கிறது. அது அமீபாவைக் கொல்லும். அமீபாவால் வரும் சீதபேதிக்கு இந்தப் பட்டை பேர் வாங்கியது அதனால்தான். ஆனால் பெருங்குடல் அழற்சி அந்த வகை அல்ல. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே குடல் சுவரைத் தாக்குவதால் வரும் புண் இது. சில மாதம் அடங்கும், பிறகு கிளம்பும். அடங்கியிருக்கும் காலத்தில் மாத்திரையை விட்டவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம்.

குடல் காசநோயும் சில சமயம் குடல் அழற்சி போலவே தெரியும். காசநோய்க்காரருக்கு ஸ்டீராய்டு கொடுத்தால் நோய் முற்றிவிடும். இலை மஞ்சளானதும் தழைச்சத்துக் குறைவா, வேரழுகலா என்று பார்க்காமல் யூரியா போட்டால் என்ன ஆகும்? அதே கதைதான். குடலுக்குள் கேமரா விட்டுப் பார்த்து, சிறு துணுக்கு எடுத்துச் சோதித்துத்தான் நோயை முடிவு செய்ய வேண்டும். தம்பிக்கு இந்தச் சோதனை நடக்கவில்லை என்றால், மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையின் குடல் நோய்ப் பிரிவில் காட்டலாம்.

மஞ்சள் கணக்கு

ஆயுர்வேதச் சரக்குகளில் இந்த நோய்க்கு நல்ல ஆதாரம் உள்ளது மஞ்சளுக்குத்தான். 2006-ல் ஜப்பானில் நோய் அடங்கியிருந்த 89 பேரை வைத்துச் சோதித்தார்கள். 6 மாதம் குர்குமின் எடுத்தவர்களில் 43 பேருக்கு 2 பேருக்கும், எடுக்காதவர்களில் 39 பேருக்கு 8 பேருக்கும் நோய் திரும்பியது. ஆனால் இரு தரப்பும் வழக்கமான மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிட்டவர்கள். கொடுத்தது நாளுக்கு 2 கிராம் குர்குமின். 3 சதவீத குர்குமின் உள்ள மஞ்சள் என்றால் சுமார் 67 கிராம் தூள் வேண்டும். அதைத் தின்ன முடியாது. குழம்பு மஞ்சள் சமையலுக்கு நல்லது. மருந்தளவு வேண்டுமானால் மருத்துவரைக் கேட்டுத்தான்.

மோரும் வில்வமும்

நாட்பட்ட குடல் நோய்க்கு ஆயுர்வேதம் பெரிதாகச் சொல்வது மோர். வெண்ணெய் எடுத்த, புளிக்காத மோர் பலருக்கு ஒத்துக்கொள்ளும். பால் பொருளால் வயிறு உப்பினால் விட்டுவிடலாம். வில்வத்தில் பேதியைக் கட்ட உதவுவது பிஞ்சுக் காய். பழம் மலத்தை இளக்கும். ரத்தப்போக்கு உள்ள நாட்களில் குழைந்த சோறு, இட்லி போதும். காரம் ஒத்துக்கொள்ளாவிட்டால் குறைக்கலாம்.

வயல் வேலை செய்கிறவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று: உடம்பு வலிக்குக் கடையில் வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகள் இந்த நோயைக் கிளப்பிவிடலாம்.

ஆயுர்வேத மருந்தும் சேர்த்துக்கொள்ள விரும்பினால், பட்டம் பெற்ற வைத்தியரிடம் இப்போது சாப்பிடும் மாத்திரைச் சீட்டைக் காட்ட வேண்டும். குடல் மருத்துவரிடமும் கஷாயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர்ச்சீட்டு இல்லாத பொடி, பற்பம், செந்தூரம் வாங்கக் கூடாது. ஈயமும் பாதரசமும் கலந்திருக்கக்கூடும்.

ஒரே நாளில் 6 முறைக்கு மேல் ரத்தத்தோடு போனாலோ, காய்ச்சல், படபடப்பு, வயிற்று வீக்கம் சேர்ந்தாலோ கஷாயம் காய்ச்சிக்கொண்டிருக்க நேரமில்லை. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும்.