பத்தாவதோடு நிற்கும் பிள்ளையின் கணக்கு

இலங்கைத் தமிழர் முகாம்களில் பிள்ளைகள் படிப்பைப் பாதியில் விட்டுப் பெயின்ட் வேலைக்குப் போவதற்கு இலவசத்தில் ஊறிய மனநிலையே காரணம் என்று சென்ற இதழில் ஒருவர் எழுதியிருக்கிறார். பள்ளி இருக்கிறது, ரேஷன் இருக்கிறது, பணமும் வருகிறது, இதற்குமேல் அரசு என்ன செய்யும் என்று கேட்கிறார். அந்தப் பிள்ளைகள் அரசை எந்தெந்த இடத்தில் சந்திக்கிறார்கள் என்று அவர் பார்த்ததே இல்லை.

அவர் சொல்லும் பணத்தையே எடுத்துக்கொள்வோம். 2021-இல் உயர்த்திய பிறகு குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், குழந்தைக்கு 500. இதில் ஊறிச் சோம்பேறியாக யாரால் முடியும்? அதையும் வாங்க, செக்கிங் நாளில் ஆர்.ஐ. என்கிற வருவாய் ஆய்வாளர் முன்னால் ஆள் நிற்க வேண்டும். மேசை, பதிவேடு, பெயரை வெட்டிவிடுவார்களோ என்ற பயம். எழுத்துக்கூட்டிப் படிக்கும் முன்பே முகாம் பிள்ளை அரசைப் பற்றிக் கற்றுக்கொள்வது இதுதான். பிறகு அரசுப் பள்ளிக்குப் போகிறது. அங்கே ஊர்ப் பிள்ளைக்கும் அதற்கும் ஒரே பெஞ்சு, ஒரே சத்துணவு. படித்து முடித்து மேலே போகும்போதுதான் இருவரும் பிரிகிறார்கள்.

அவர்களைப் பிரிப்பது குடியுரிமைச் சட்டம். அதைப் பற்றி அவர் கட்டுரையில் ஒரு வரி இல்லை. இதை மறதி என்று நான் நம்பவில்லை. அதைச் சொன்னால் அவர் வாதம் நிற்காது. 1987 ஜூலை 1-க்கு முன் இங்கே பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியர். அதற்குப் பின் பிறந்தால் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் முதல் அதுவும் போதாது: தாய் இந்தியராகவே இருந்தாலும், தந்தை சட்டவிரோதக் குடியேறி என்று கருதப்பட்டால் பிள்ளைக்குக் குடியுரிமை இல்லை. மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த பெண், சட்டப்படி இந்தியரான பெண், பாஸ்போர்ட்டுக்காக உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. தீர்ப்பு வந்தது 2022-இல். அவருக்கே இந்த நிலை என்றால் 1990-இல் பிறந்தவர் எந்தப் படியேறுவார்?

மருத்துவப் படிப்பில் மாநில ஒதுக்கீட்டுக்கு இந்தியக் குடியுரிமை கட்டாயம். முகாம் மாணவி எத்தனை மதிப்பெண் எடுத்தாலும் அந்தக் கலந்தாய்வில் அவளுக்கு இடமில்லை. குடியுரிமை இல்லாததால், பி.இ. முடித்தும் அக்கா துணிக்கடையில் நிற்பதைப் பார்த்த தம்பி அப்பாவோடு பெயின்ட் வாளி தூக்குகிறான். அவன் சோம்பேறி இல்லை. அரசு எதுவரை தன்னைப் படிக்கவைக்கும், எங்கே நிறுத்தும் என்பதைச் சரியாகக் கணக்குப் போட்டவன்.

இத்தனைக்கும் நடுவில் முகாம்களிலிருந்து ஆயிரக்கணக்கில் பட்டதாரிகள் வந்திருக்கிறார்கள். 1984-இல் ஏதிலியரே தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் மாலை வகுப்புகள் நடத்தியிருக்கிறது. முகாமில் படித்தவர்களே அடுத்த பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். இந்த மக்களைப் பார்த்தா மனநிலை சரியில்லை என்கிறார்?

படிப்பை விடும் பிள்ளையின் குடும்பத்துக்கு உதவித்தொகையை நிறுத்த வேண்டும் என்பது அவர் தரும் தீர்வு. நிறுத்திப் பார்க்கட்டும். இன்று பத்தாவதோடு வாளி தூக்கப் போகிறவனின் தம்பி எட்டாவதோடு போவான்.