சிதையும் காணியும்

பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டின் கற்பைப் போற்றாத தமிழ் மேடை இல்லை எனலாம். கணவன் மாண்டபின் அவள் தீப்பாய்ந்த செய்தியைப் பேச்சாளர் எடுத்துரைக்கும்போது சபையோர் கைதட்டி ஆரவாரிப்பதை நாம் பலமுறை கண்டிருக்கின்றோம். ஆனால் புறநானூற்றில் அவள் பாடியதாக உள்ள 246ஆம் பாட்டைப் பொறுமையாகப் படித்தோர் சிலரே. அப்பாட்டிலே கவனிக்கத்தக்க செய்திகள் இரண்டு உள. அங்கு நின்ற சான்றோர் அவளைத் தீக்கு அனுப்பவில்லை, தடுத்தனர் என்பது ஒன்று. மற்றையது அவள் கூறும் காரணம். நெய்யற்ற சோற்றையும் எள்ளரைப்பையும் வெந்த கீரையையும் உண்டு, பாயின்றிக் கல்லின்மேற் கிடக்கும் கைம்மை வாழ்வு தனக்கு வேண்டாம் என்கின்றாள்.

தன் விருப்பத்தோடு ஒப்பமிட்டாள் என்று ஒருவர் நீதிமன்றத்தில் வாதிட்டால், அவளுக்கு வேறு வழி இருந்ததா என்று கேட்பது எம் தொழில். பெருங்கோப்பெண்டு தன் வாயாலேயே அதற்கு விடை தந்துள்ளாள். இதே கேள்வியை இந்திய சரித்திரத்திடம் கேட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உடன்கட்டை வேதத்தின் கட்டளை என்று நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்தது. இருக்கு வேதத்தின் பத்தாம் மண்டலத்து மந்திரம் ஒன்று சான்றாகக் காட்டப்பட்டது. அம்மந்திரத்தில் 'முன்னே' என்று பொருள்படும் 'அக்ரே' என்னுஞ் சொல், தீயைக் குறிக்கும் 'அக்னே' எனத் திரிக்கப்பட்டிருந்ததை 19ஆம் நூற்றாண்டில் மாக்ஸ் முல்லர் போன்ற அறிஞர் வெளிப்படுத்தினர். அதற்கு அடுத்த மந்திரமோ, பிணத்தின் அருகிற் கிடக்கும் மனைவியை எழுந்து உயிர் வாழ்வோர் உலகுக்கு வருமாறு அழைக்கின்றது! உறுதியில் ஓரெழுத்து மாறினால் காணி கைமாறும் என்பதை நம் கமக்காரர் அறிவர். இங்கே மாறியது உயிர். மனுவும் கைம்பெண்ணுக்கு நோன்பைத்தான் விதித்தாரேயன்றித் தீயை விதிக்கவில்லை. 7ஆம் நூற்றாண்டிலே பாணபட்டர் தமது காதம்பரியில் இவ்வழக்கத்தைப் பயனற்ற மடமை என்று கண்டித்துள்ளார்.

அவ்வாறாயின் தீயை வளர்த்தது எது? 1815 முதல் 1828 வரை வங்காள மாகாணத்தில் அரசாங்கம் பதிவு செய்த உடன்கட்டைகள் 8,134. அவற்றுள் நூற்றுக்கு அறுபதுக்கு மேற்பட்டவை கல்கத்தாப் பிரிவில் நிகழ்ந்தவை. வங்காளத்தில் நிலவியது தாயபாகச் சட்டம். அச்சட்டப்படி, கூட்டுக் குடும்பமாயினும், மகனில்லாத கைம்பெண் கணவனுடைய பங்கைத் தன் ஆயுள் முழுவதும் அனுபவிக்கலாம். மிதாட்சரம் வழங்கிய மற்றைப் பகுதிகளில் கூட்டுக் குடும்பத்துக் கைம்பெண்ணுக்குக் கிடைத்தது சோறும் சீலையுமே. கொழுந்தனுக்கும் காணிக்கும் இடையே ஒரு பெண்ணின் மூச்சு மட்டும் நின்றபோது சாத்திரம் பேசுவோர் பெருகியதில் வியப்பென்ன? காணியற்ற ஏழைக் குடும்பத்துப் பெண்களும் எரிந்தனர் என்று சிலர் மறுப்பர். உண்மைதான். அவர்களுக்குப் பெருங்கோப்பெண்டு சொன்ன காரணமே போதியதாயிருந்தது. இராசாராம் மோகன்ராய் சாத்திரத்தைச் சாத்திரத்தால் வென்றதோடு அமையாமல், பெண்களின் சொத்துரிமை பறிபோனதைப் பற்றி 1822இல் தனி நூலொன்றும் வெளியிட்டார். சிதையைப் பற்றிய அவர் வாதத்தைப் புகழ்வோர் காணியைப் பற்றிய வாதத்தை மறந்துவிடுகின்றனர்.

ஆங்கிலேயர் வந்தார்கள், தடுத்தார்கள் என்று பள்ளிப் புத்தகம் சொல்லும். தடுக்குமுன் அவர்கள் செய்தது என்ன? 1813இல் ஒரு சுற்றறிக்கை விடுத்தார்கள். பெண் விரும்பியிருத்தல் வேண்டும், பதினாறு வயதுக்குக் குறைந்தவளோ கருவுற்றவளோ ஆகாள், மயக்க மருந்து ஊட்டலாகாது. இவ்வளவும் சரியாயிருந்தால் எரிக்கலாம்! 1815இல் 378 ஆயிருந்த தொகை 1818இல் 839 ஆயிற்று. 1817இற் பரவிய வாந்திபேதியும், பதிவு முறை சீர்பட்டதும் இதற்கு ஓரளவு காரணமாகலாம். எனினும் காவற்காரன் அருகில் நின்று பார்த்த சிதைக்கு அரசின் அங்கீகாரமும் கிடைத்துவிட்டது என்று மக்கள் எண்ணினால் அது அவர் குற்றமன்று. 1829 டிசம்பர் 4ஆம் நாள் பெண்டிங்கு பிரபு தடைச்சட்டம் பிறப்பித்தார். அதனை எதிர்த்துச் சென்ற மனுவை இலண்டன் பிரிவிக் கவுன்சில் 1832இல் தள்ளிவிட்டது.

உயிர் தப்பிய பெண் எப்படி வாழ்ந்தாள்? ஈசுவரசந்திர வித்தியாசாகரர் பராசர ஸ்மிருதியை எடுத்துக்காட்டிப் போராடியதன் பயனாக 1856இல் கைம்பெண் மறுமணச் சட்டம் வந்தது. அதன் இரண்டாம் பிரிவை எத்தனை பேர் வாசித்திருக்கின்றனர்? மறுமணம் செய்த அன்றே, அவள் இறந்துவிட்டாற்போல, முதற் கணவனின் சொத்தில் அவளுக்கிருந்த உரிமை அற்றுப்போகும் என்கிறது அப்பிரிவு. மாலை சூடிய பெண்ணைச் சட்டம் பிணமென்று எழுதிவைத்தது.

வேடிக்கை இத்துடன் முடியவில்லை. 1880இல் மணிராம் கொலிதா வழக்கில் பிரிவிக் கவுன்சில் ஒரு தீர்ப்பு வழங்கிற்று. கணவன் சொத்தை ஏற்கெனவே அடைந்துவிட்ட கைம்பெண் பின்னர் ஒழுக்கம் தவறினாலும் சொத்தை இழக்கமாட்டாள் என்பது அத்தீர்ப்பு. ஆகவே ஒருவனோடு மணமின்றி வாழ்ந்தால் காணி அவளுடையது, முறைப்படி தாலி கட்டிக்கொண்டால் கொழுந்தனுடையது! மறுமணத்தைத் தொன்றுதொட்டுக் கைக்கொண்டிருந்த உழவர் குடிகளுக்குங்கூட இப்பிரிவு பொருந்தும் என்று சென்னை, பம்பாய், கல்கத்தா உயர்நீதிமன்றங்கள் கருதின. அலகாபாத் நீதிமன்றம் மட்டும் மறுத்தது. சட்டம் விடுதலை செய்யாமலே விடுதலையாயிருந்த பெண்களைச் சட்டமே கட்டிப்போட்டது.

1937ஆம் ஆண்டுச் சட்டமும் கைம்பெண்ணுக்கு ஆயுட்கால உரிமையையே தந்தது. இந்து சட்டத் தொகுப்பு மசோதா முடக்கப்பட்டதை முக்கிய காரணங்களுள் ஒன்றாகக் காட்டி அம்பேத்கர் 1951இல் மந்திரி பதவியைத் துறந்தார். 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவே பெண்ணின் கையிலிருந்த சொத்தை முழுமையாக அவளுக்கு உரியதாக்கிற்று. சிதையணைந்து 127 ஆண்டுகள் சென்றபின்! அதன் பின்னரும் 1987இல் இராசத்தானத்துத் தேவராலாக் கிராமத்தில் பதினெட்டு வயதுக் கைம்பெண் ஒருத்தி எரிந்தபோது, நீதிமன்றத் தடையையும் மீறிப் பதின்மூன்றாம் நாள் விழாவுக்கு ஆயிரக்கணக்கானோர் திரண்டனர்.

இதெல்லாம் வடநாட்டுக் கதை, தேசவழமை பெண்ணுக்குச் சீதனம் கொடுத்த சட்டமல்லவா என்று நம்மவர் கூறுவர். கொடுத்தது உண்மை. ஆயினும் 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக, வாரிசுரிமைக் கட்டளைச் சட்டத்தின் 6ஆம் பிரிவின்படி, மணமான பெண் தன் சீதனக் காணியைக் கணவனின் எழுத்துமூலமான சம்மதமின்றி விற்கவோ ஈடுவைக்கவோ இயலாது. கணவன் கைவிட்டுப் போயிருந்தால் அவள் மாவட்ட நீதிமன்றத்தை நாடிச் சம்மதம் பெறவேண்டும். இந்நாட்டின் பொதுச் சட்டத்துக்குட்பட்ட பெண்களுக்கு 1923இலேயே இத்தகைய கட்டு நீங்கிவிட்டது. யாழ்ப்பாணப் பெண்ணுக்கு இன்றும் நீங்கவில்லை. தன் தாய் தந்த தோட்டத்தை ஈடுவைத்துப் பிள்ளையின் படிப்புக்குப் பணம் பெற வந்து, கணவன் ஒப்பமில்லாமையால் நொத்தாரிசின் படியிறங்கித் திரும்பும் பெண்களை நாம் கண்டிருக்கின்றோம்.

பெருங்கோப்பெண்டுக்குக் கைதட்டிய அன்பர்கள் அடுத்த ஊர்க் கூட்டத்துக்கும் வருவார்கள். இந்த 6ஆம் பிரிவை நீக்கக் கோரும் தீர்மானத்தை அங்கே நாம் முன்வைக்க எண்ணியுள்ளோம். எத்தனை கைகள் உயர்கின்றன என்று எண்ணி, அத்தொகையை இப்பத்தியிலேயே வெளியிடுவோம்.